சொல் எச்சமும் ஓவிய முற்றும்

குழந்தைகட்கென எழுதப்பெறும் நூல்களை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருதல் தகுமா என்னும் ஐயம் தமிழ்த்துறைகளில் இன்னும் முற்றத் தீர்ந்தபாடில்லை. குழந்தைப் பாட்டையும் கதையையும் ஒருவாறு உடன்படுவோரும், பக்கத்திற்கு நான்கைந்து சொற்களும் எஞ்சிய இடமெல்லாம் வண்ண ஓவியமுமாக அமைந்த படநூலைக் கண்டால், 'இது கல்வித்துறையார்க்கு உரியது' என ஒதுக்கிவிடுகின்றனர். எழுத்தறியாச் சிறாரை எழுத்தின்பால் ஈர்க்கும் கருவியே படநூல். படம் சொல்லுக்கு எழுதிய உரை. சொல்லை அறிந்தபின் படம் மிகையாகும் என்பது அன்னார் கருத்து. ஒருசார் நூல்கட்கு அக்கருத்துப் பொருந்தும். 'அணில்' என்று எழுதி அதன் அருகே அணிலை வரைந்து காட்டும் அரிச்சுவடிக்கு அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டா. ஆயின், பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கிருந்து நகைத்தற்கென மேலைநாடுகளில் தோன்றிய விந்தைப் படநூல்கட்கு அது சிறிதும் பொருந்தாது. அந்நூல்களில் படம் சொல்லை விளக்குவதில்லை. சொல் விட்டதைப் படம் முடிக்கின்றது. சிலபோது சொல்லையே மறுக்கின்றது. அவற்றுள் ஆறு நூல்களை எடுத்துக்கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

இம்மரபின் தொடக்கம் ஆங்கில ஓவியர் ரண்டால்ஃப் கால்டெகாட் (1846–1886) என்பாரிடம் காணப்படும். 1878 முதல் ஆண்டுதோறும் இவ்விரண்டாக அவர் வெளியிட்ட படநூல்கள் பெரும்பாலும் பழைய நாட்டுப்புறப் பாடல்களுக்கு வரையப்பட்டவை. பூனையும் பிடிலும், நிலவைத் தாண்டும் பசுவும் வரும் குழந்தைப் பாடல் ஒன்றனை அவர் 1882ஆம் ஆண்டில் எடுத்தாண்டார். பாடலின் முடிவில் உண்கலம் கரண்டியோடு உடன்போகின்றது. பாடல் அத்துடன் நின்றுவிடும். கால்டெகாட் நிற்கவில்லை. சொல் ஒன்றும் இல்லாத மேலும் ஓர் ஓவியம் வரைந்தார். அதில் உண்கலம் உடைந்து கிடக்கின்றது; கரண்டியை அதன் பெற்றோராகிய கத்தியும் முள்கரண்டியும் இருபுறமும் பற்றி வீட்டிற்கு அழைத்துச் செல்கின்றன. உடன்போக்கும் அதனைத் தொடர்ந்து தமர் தேடிச் சேறலும் நம் அகத்துறை பயின்றார்க்குப் புதியன அல்ல. நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டுவந்த ஒரு நகைப்பாட்டுக்கு ஓவியர் ஒருவர் எழுத்தின்றியே துன்பமுடிவு தந்தார் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் (1928–2012) தம் கட்டுரைத் தொகுதிக்குக் 'கால்டெகாட்டும் கூட்டத்தாரும்' என்னும் பொருள்பட 1988இல் பெயரிட்டது இக்கடப்பாட்டை நினைந்தே எனலாம்.

கால்டெகாட்டிடம் வித்தாக இருந்தது முழுமரமாக வளர்ந்த இடம் பாட் ஹட்சின்ஸ் (1942–2017) என்னும் ஆங்கிலப் பெண்மணியார் 1968இல் வெளியிட்ட 'ரோசியின் நடை' என்னும் நூல். அந்நூல் முழுவதும் ஒரே வாக்கியம். அவ்வாக்கியத்தில் உள்ளவை 32 சொற்கள். ரோசி என்னும் பெட்டைக்கோழி உலாவப் புறப்பட்டுப் பண்ணையின் பல இடங்களைக் கடந்து உணவு வேளைக்கு வீடு திரும்புகின்றது. சொல் கூறும் செய்தி இவ்வளவே. படத்திலோ, கோழியின் பின்னே தொடக்கமுதல் ஒரு நரி தொடர்கின்றது. நரியைப் பற்றி அந்த 32 சொற்களில் ஒன்றும் இல்லை. கோழியின்மேல் அது பாயுந்தோறும் ஒரு கேடு விளைகின்றது. மண்வாரியை மிதித்து அதன் காம்பால் முகத்தில் அடிபடுகின்றது, குளத்தில் விழுகின்றது, வைக்கோலில் புதைகின்றது, மாவில் மூழ்குகின்றது, ஈற்றில் தேனீக்கள் துரத்த ஓடி மறைகின்றது. கோழி ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்நூலுக்கு உரிய கலைச்சொல் தொல்காப்பியச் செய்யுளியலில் கிடைக்கின்றது. அவ்வியலின் முதல் நூற்பா எண்ணும் 34 உறுப்புகளுள் எச்சம் என்பது ஒன்று. கூறியவற்றைக் கொண்டு கூறாதது முடிவுபெறுதல் அதன் இலக்கணம். முடிவைத் தருவது சொல்லாகவும் இருக்கலாம், குறிப்பாகவும் இருக்கலாம். செய்யுளில் அக்குறிப்பைக் கேட்போன் தன் உள்ளத்தால் உய்த்துணர்கின்றான். ஹட்சின்ஸ் நூலில் அது கண்முன்னே பேருருவில் வரையப்பட்டிருக்கின்றது. சொல் எச்சமாக நிற்க, ஓவியம் முற்றாக வருகின்றது என்று கூறின் இவ்வமைப்பின் இயல்பு விளங்கும். 'உரை' என்பதற்கும் 'முற்று' என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. உரையை நீக்கினும் மூலம் நிற்கும். முற்றை நீக்கினால் எச்சம் நில்லாது. இந்நூலின் ஓவியத்தை நீக்கிச் சொல்லை மட்டும் படித்துப் பார்ப்பின், கோழி நடந்தது, திரும்பியது என்பதற்குமேல் கதையென ஒன்று இல்லை.

மற்றொன்று, இவ்வமைப்பில் யார் எதனை அறிகின்றனர் என்பது. எழுத்தறிந்த தாய் 32 சொற்களையும் படிக்கின்றாள். அவள் கண் எழுத்தின்மேல் நிற்கின்றது. எழுத்தறியாத குழந்தையின் கண் படத்தின்மேல் நிற்கின்றது. ஆகவே கதையை அறிந்தது குழந்தை. அறியாதது போல் வாய்விட்டுக் கூறிச் செல்வது தாய். இதனை யான் அறிந்துகொண்டது நூலாராய்ச்சியால் அன்று. மாவாலையின் அருகே மாவு மூட்டை நரியின்மேல் விழுவதைத் தற்செயல் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஐந்து வயதுப் பேர்த்திக்கு அதனைப் படித்துக் காட்டியபோது, அவள் மூட்டையிலிருந்து இறங்கும் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே வந்து கோழியின் காலில் நிறுத்தினாள். கயிறு கோழியின் காலில் சிக்கியிருந்தது. கோழி அறியாமல் இழுத்ததா, அறிந்தே இழுத்ததா என்று அவள் வினவினாள். யான் விடையின்றி இருந்தேன். நகைக்கு இளமை, மடன், எள்ளல், பேதைமை என நான்கு நிலைக்களன்களை மெய்ப்பாட்டியல் கூறும். ரோசியின் நடை நகை விளைப்பது கோழியின் பேதைமையாலா, நரியின் பேதைமையாலா என்பது அக்கயிற்றில் தொங்குகின்றது. நம் நாட்டுக் கதைகளில் சூழ்ச்சிக்கு உறைவிடமாகிய நரி இங்கே வாய்திறவாமல் அடிபடுதலும் கருதத்தக்கது.

இந்நூலைத் தமிழில் பெயர்க்கப் புகுவார் ஓர் இலக்கண இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். அது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாக நில்லாமல் நூலின் உயிரையே தொடுவதாகலின் சற்று விரித்துக் கூறுவேன். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் வினைமுற்று முதற்பக்கத்திலேயே வந்துவிடுகின்றது. பின்வரும் ஆறு இடங்களும் பெயர்க்கு முன் நிற்கும் ஆறு இடைச்சொற்களால் ஒட்டப்பட்டவை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினும் வாக்கியம் குறையாது. ஆதலின் சொல்லுக்கு யாதொரு பதைப்பும் இல்லை. அது கோழியைப் போலவே அமைதியாக நடக்கின்றது. தமிழிலோ அவ்விடைச்சொற்கள் கடந்து, சுற்றி, ஏறி, தாண்டி, நுழைந்து, புகுந்து என வினையெச்சங்களாகவே மாறும். எச்சங்கள் அடுக்கி வர, முற்று கடைசிப் பக்கத்திற்குத் தள்ளப்படும். இடையே எந்தப் பக்கத்திலும் தமிழ் வாக்கியம் நிறைவு பெறாது. ஆங்கிலத்தில் படத்திற்கு மட்டும் உரியதாயிருந்த 'அடுத்து என்ன?' என்னும் அவா, தமிழில் சொல்லுக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. சொல்லும் எதையோ அறிந்திருப்பது போன்ற தோற்றம் உண்டாகின்றது.

இது குறையே என்பர் சிலர். மூலத்தின் அமைதியைக் காக்க வேண்டிப் பக்கந்தோறும் ஒரு முற்றுவினை வைத்துச் சிறு சிறு வாக்கியங்களாக முறித்தல் நன்று என்றும் கூறுவர். எனக்கு அது உடன்பாடன்று. ஒரே வாக்கியம் என்னும் அருமை அதனால் அழிந்துபோகும். அன்றியும் எச்சத்தில் நிறுத்திக் கதை கூறுதல் நம் வீடுகளில் பாட்டியர் கண்ட முறையே. அவர் எச்சத்தில் நிறுத்துவர். கேட்கும் பிள்ளை 'உம்' கொட்டும். 'உம்' கேட்டபின்னரே கதை நகரும். ஹட்சின்ஸ் தம் நூலில், சொல் உள்ள இரட்டைப் பக்கத்தை அடுத்துச் சொல் இல்லாத ஓர் இரட்டைப் பக்கத்தை வைக்கின்றார். நரி படும் பாடு அங்கே நிகழ்கின்றது. அந்தச் சொல்லில்லாப் பக்கம் உம் கொட்டுதற்கென விடப்பட்ட இடம் எனின் தவறாகாது. கேட்போர் என்பதனையும் செய்யுளுறுப்பாக எண்ணிய நூலுடையார்க்கு இது எளிதில் விளங்கும்.

ஜான் பர்னிங்ஹாம் (1936–2019) 1977இல் இயற்றிய 'தண்ணீரை விட்டு வா, ஷெர்லி' என்னும் நூல் இவ்வெச்ச முறையைப் பக்க அமைப்பாகவே ஆக்கிவிட்டது. இடப்பக்கத்தில் கடற்கரையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்த பெற்றோர், வெளிறிய வண்ணம், தாயின் எச்சரிக்கைச் சொற்கள். வலப்பக்கத்தில் சொல்லே இல்லை; நிறைந்த வண்ணத்தில் ஷெர்லி கடற்கொள்ளையர் கப்பலுக்குச் சென்று போராடிப் புதையல் எடுக்கின்றாள். தாய் மகளை நோக்கிப் பேசிக்கொண்டே இருக்கின்றாள். மகள் ஒரு மறுமொழியும் கூறவில்லை. கூற்று ஒருத்திக்கு, செயல் மற்றொருத்திக்கு. அமைப்பு அழகியதே, ஆயினும் ஹட்சின்ஸ் நூலில் உள்ள பொருள்நுட்பம் இதில் இல்லை என்பது என் கருத்து. இருபக்கமும் இரண்டு உலகம் என்று அறிந்துகொண்ட பின்னர்த் தாயின் சொல்லில் கேட்பதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

எஞ்சுவது மிகுதியாக உள்ள நூல் டேவிட் மக்கீ (1935–2022) 1980இல் வெளியிட்ட 'இப்போது வேண்டாம், பெர்னார்ட்' என்பது. பெர்னார்ட் என்னும் சிறுவன் தந்தையிடம் வருகின்றான். ஆணி அடித்துக்கொண்டிருக்கும் தந்தை நூற்பெயராக அமைந்த அத்தொடரைக் கூறி விலக்குகின்றார். தோட்டத்தில் ஓர் அரக்கவிலங்கு இருக்கின்றது, தன்னைத் தின்னப்போகின்றது என்று தாயிடம் கூறுகின்றான். அவளும் அதே தொடரைக் கூறுகின்றாள். அவன் தோட்டத்திற்குச் செல்ல, விலங்கு அவனை முழுவதும் தின்றுவிடுகின்றது. பின்னர் அது வீட்டிற்குள் வந்து தாயின் பின்னே உறுமுகின்றது, தந்தையின் காலைக் கடிக்கின்றது. அவர்கள் திரும்பிப் பாராமலே பழைய தொடரைக் கூறுகின்றனர். அதற்கு இரவுணவு வைக்கப்படுகின்றது. அது தொலைக்காட்சி பார்க்கின்றது. பெர்னார்டின் விளையாட்டுப் பொருளை உடைக்கின்றது. படுக்கையில், தான் விலங்கு என்று அது தானே கூறியும் தாய் அதே தொடரைக் கூறி விளக்கை அணைக்கின்றாள்.

இந்நூலைப் பற்றி எழுந்த வினாக்களுள் முதன்மையானது பெர்னார்ட் உண்மையில் இறந்தானா என்பது. விலங்கு என்பது சினங்கொண்ட பெர்னார்டே என்று கொண்டு, உள்ளுறையாகப் பொருள் கூறுவார் உளர். படம் இதற்கு இடங்கொடுக்கின்றதேயன்றி முடிவு கூறவில்லை. எனினும் எனக்கு இதனினும் பெரிதாகத் தோன்றும் வினா வேறு. இந்நூலை வாய்விட்டுப் படிப்பவர் யார்? தாய் அல்லது தந்தை. பிள்ளையை நோக்கி நிமிர்ந்து பாராத பெற்றோரின் தொடரை, அவ்வாறே நிமிர்ந்து பாராமல் அன்று எத்தனையோ முறை கூறியிருக்கக்கூடிய ஒருவர், தம் குரலில் மீண்டும் மீண்டும் கூற நேர்கின்றது. அத்தொடர் வரும்போதெல்லாம் அருகிலிருக்கும் பிள்ளை நகைக்கின்றது. வசையை அங்கதம் எனக் கூறும் செய்யுளியல், அதனைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தும். மக்கீ நூல் பழிகரப்பு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்த புறப்பாட்டு (95) அவ்வகைக்கு நாம் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே பழிக்கப்பட்டவன் கேட்கின்றான். இங்கே பழிக்கப்பட்டவரே பழிமொழியைப் பேசுகின்றார். இவ்வாறு கூற்றுக்குரியாரும் பழிக்குரியாரும் ஒருவரேயாக, நகைப்பவர் கேட்போராக அமைந்த அங்கதம் பிற இலக்கிய வகைகளில் அரிது. ஒருவர் படிக்க மற்றொருவர் கேட்கும் படநூலுக்கே அது இயல்பாகக் கைகூடுகின்றது.

பெற்றோரை எள்ளும் நூலைப் பிள்ளை கையில் தரலாமா என்று தடை நிகழ்த்துவாரும் உளர். அத்தடையை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. பிள்ளையை அச்சுறுத்தித் திருத்தும் நூல்கள் இதற்கு நெடுங்காலம் முன்பே தோன்றிவிட்டன. அவற்றின்மேல் இத்தகைய தடை எழாமைதான் வியப்பு. பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிச் ஹாஃப்மன் 1844ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் படநூல் தேடிச் சென்று, கிடைத்தவையெல்லாம் வறண்ட அறவுரைகளாக இருத்தல் கண்டு, வெற்றுக் குறிப்பேடு ஒன்றை வாங்கித் தாமே எழுதி வரைந்து கொடுத்தார். மறு ஆண்டு அச்சேறிய அந்நூலே பின்னர்ச் 'சிலுப்புத்தலைப் பீட்டர்' என்னும் பொருள்படும் பெயரால் உலகறிய விளங்கிற்று. அதில் கஞ்சிநீர் அருந்த மறுக்கும் சிறுவன் ஒருவன் நாளுக்கு நாள் மெலிந்து ஐந்தாம் நாள் மாய்கின்றான். சொல்லை மட்டும் நோக்கின் கொடிய அறவுரை. படத்தில் அவன் கல்லறையின்மேல் நிற்பதோ அவன் மறுத்த அந்தக் கஞ்சிக்கலம்! அக்கலத்தைக் காணும் குழந்தை அஞ்சுமா நகைக்குமா? ஹாஃப்மன் அறவுரை நூல் எழுதினாரா, அறவுரை நூல்களை எள்ளி எழுதினாரா என்னும் பூசல் இன்றும் ஓயவில்லை. கட்டைவிரல் சூப்பும் சிறுவனின் விரல்களைத் தையற்காரன் வெட்டும் பகுதியை என்னால் எவ்வாற்றானும் நகையென்று கொள்ள இயலவில்லை. கஞ்சிக்கலத்தை நகையென்றே கொள்கின்றேன். ஒரே நூலில் ஒரு படம் சொல்லோடு சேர்ந்து அடிக்கின்றது, மற்றொன்று சொல்லின் கையைப் பிடித்து நிறுத்துகின்றது.

அண்மைக் காலத்தார் இம்முறையை மேலும் கூர்மையாக்கினர். கனடா நாட்டவராகிய ஜான் கிளாசென் 2012இல் வெளியிட்ட 'இது என் தொப்பி அன்று' என்னும் நூல், அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கத்தை 2013இலும் இங்கிலாந்தின் கேட் கிரீனவே பதக்கத்தை 2014இலும் பெற்றது. கதை கூறுவோன் சிறு மீன். உறங்கும் பெருமீனின் தொப்பியைத் திருடியவன். பெருமீன் விழிக்காது என்கின்றான். படத்தில் அதன் கண் திறக்கின்றது. தன்னைக் கண்ட நண்டு எவர்க்கும் கூறாது என்கின்றான். படத்தில் நண்டு அவன் சென்ற வழியைச் சுட்டிக்காட்டுகின்றது. நீர்ச்செடிகளின் நடுவே புகுந்தபின் சொல் அற்றுப்போகின்றது. பெருமீன் தொப்பியோடு வெளிவருகின்றது, சிறுமீன் வரவில்லை. ரோசியின் நடையில் சொல் அறியாமையால் எச்சமாயிற்று. இங்கே திருடன் தன்னைத் தேற்றிக்கொள்ளக் கூறும் பொய்யால் எச்சமாயிற்று. எழுத்தறியாத பிள்ளை, கூறுவோன் கூற்றை நம்புதல் ஆகாது என்னும் கதைநுட்பத்தை இதன்வழி உணர்கின்றது. பட்டமேற்படிப்பு மாணவர்க்கு நாவலைக் கொண்டு அரிதின் உணர்த்தப்படும் பொருள் அன்றோ இது!

இதுவரை கூறிய நூல்களெல்லாம் சொல் எச்சமாகவும் படம் முற்றாகவும் அமைந்தவை. இதனைத் தலைகீழாக மாற்றிய நூல் ஒன்று உண்டு. அதனாலேயே அதனை இறுதியில் வைத்தேன். செண்டாக் 1963இல் இயற்றி 1964இல் கால்டெகாட் பதக்கம் பெற்ற 'கொடுவிலங்குகள் வாழுமிடம்' என்பது அது. ஓநாய் உடை அணிந்து குறும்பு செய்த மாக்ஸ் என்னும் சிறுவனைத் தாய் உணவின்றி உறங்க அனுப்புகின்றாள். அவன் அறை காடாகின்றது. கடல் கடந்து கொடுவிலங்குகளின் நாட்டை அடைந்து அவற்றிற்கு அரசனாகின்றான். தொடக்கத்தில் பக்கத்தின் நடுவே சிறு சதுரமாக இருந்த படம் பக்கந்தோறும் விரிந்து, விலங்குகளின் களியாட்டத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களை முழுவதும் நிரப்பிச் சொல்லை வெளியே தள்ளிவிடுகின்றது. பின்னர்ச் சிறுவனுக்கு வீட்டின் நினைவு வருகின்றது. சொல்லுக்கு மீண்டும் இடம் கிடைக்கின்றது.

உளநூல் அறிஞர் புருனோ பெட்டல்கைம் 1969இல் மாதர் இதழ் ஒன்றில் இக்கதையைக் கடிந்து எழுதினார். தாயே உணவு மறுத்துத் தனியே விடுதல் சிறு குழந்தைக்குப் பேரச்சமாகும் என்பது அவர் தடையின் சாரம். கதைப்பொருளை மட்டும் கேட்டார்க்கு அத்தடை வலிதாகவே தோன்றும். நூலைக் கையில் வைத்துப் பக்கம் புரட்டினார்க்கு இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, நூல் முழுவதிலும் தாயின் உருவம் ஓரிடத்தும் வரையப்படவில்லை. கொடுவிலங்குகளின் உருவத்தைப் பல்லும் நகமுமாகத் தீட்டிய ஓவியர், தாயை மட்டும் குரலாகவே விட்டுவிட்டார். மற்றொன்று, இறுதிப் பக்கத்தில் படமே இல்லை. மாக்ஸ் தன் அறைக்குத் திரும்பி அங்கே தனக்கென வைக்கப்பட்ட உணவைக் காண்கின்றான். அதற்கு அடுத்த பக்கம் வெள்ளைத்தாள். அதில் உள்ளது அவ்வுணவின் சூடு ஆறவில்லை என்னும் செய்தி ஒன்றே.

சூட்டை வரைய இயலாது என்பது வெளிப்படை. ஆவி எழுவதாக வரைந்திருக்கலாம். செண்டாக் அதைச் செய்யவில்லை. நூல் முழுவதும் படத்தின்மேலேயே கண் வைத்திருந்த பிள்ளைக்கு அப்பக்கத்தில் காண்பதற்கு ஒன்றுமில்லை. அது கேட்டேயாக வேண்டும். கேட்பிப்பது அருகிலிருப்பவர் குரல். படத்தில் வாராத தாய் அப்போது படிப்பவர் குரலாக வருகின்றாள்.